ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய பத்தியத் தாள்

கேள்வி:

டாக்டர், நாங்கள் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 16 வயது, இந்த வருடம் ஓ லெவல் பொதுத்தேர்வு எழுதுகிறாள். உயரம் 158 செ.மீ. போன தீபாவளிக்கு 49 கிலோ இருந்தவள், இப்போது 38. நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. முதலில் மீனையும் கறியையும் விட்டாள், அப்புறம் சோற்றை. "ஒல்லியாகணும்னு எனக்கு ஆசையே இல்லை, ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு கல்லு மாதிரி ஆயிடுது" என்கிறாள். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் கேக் செய்து ஊட்டுவதும் அவள்தான். பலதுறை மருந்தகத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே அனொரெக்சியா நெர்வோசா, அதாவது சாப்பாட்டை விலக்கி விலக்கி உடம்பு கரைந்துபோகும் மனநலக் கோளாறு, என்றார்கள். மனநல மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் பார்க்க வரும் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி தனக்குத் தெரிந்த சீன வைத்தியரிடம் கூட்டிப்போனார். அவர் நாடியையும் நாக்கையும் பார்த்துவிட்டு, மண்ணீரல் பலவீனம், கல்லீரலில் 'ச்சி' என்கிற உயிர்ச்சக்தி தேங்கி நிற்கிறது என்றார். இரண்டு வாரத்துக்குப் பொடி, வெள்ளிக்கிழமைதோறும் அக்குபங்சர். முதல் முறையாக ஒரு வைத்தியத்துக்கு மகள் தானாகச் சரி என்றாள். அவர் கொடுத்த பத்தியத் தாளை அவளே ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறாள். மனநல மருத்துவரிடம் போனால் நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சல், மூன்று மாதம் இதையே பார்க்கலாம் என்கிறார் என் கணவர். பார்க்கலாமா? பொடிப் பொட்டலம், பத்தியத் தாள் இரண்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மூன்று மாதம் வேண்டாம், மூன்று வாரமும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கும் முன்னால், இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். மகளை ஐந்து நிமிடம் படுக்கவைத்து, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். அந்த வைத்தியர் நாடியின் தன்மையைப் பார்த்தார். எனக்கு வேண்டியது எண்ணிக்கை. விழித்திருக்கும்போது 50க்குக் கீழே இருந்தாலோ, எழுந்து நின்றதும் கண் இருட்டி விழப்பார்த்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு நாள் முழுக்க எதுவும் உள்ளே போகவில்லை என்றாலோ செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு வருடத்துக்குள் போயிருக்கிறது. பட்டினி கிடக்கும் உடம்பு செலவைக் குறைக்க முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று இதயம்.

சீன வைத்தியத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கழுத்துவலிக்கு நானே போய் ஊசி குத்திக்கொண்டு வந்தவன்தான். நீங்கள் பார்த்தவர் பதிவு பெற்றவர் என்றால் (2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சிங்கப்பூரில் சீன வைத்தியர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், பெயரை இணையத்திலேயே சரிபார்க்கலாம்) அவர் கண்டுபிடித்ததும் பிழை இல்லை. அவர் சொன்னதை நம் மொழிக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

அவர் 'மண்ணீரல்' என்றது நம் விலாவுக்குள் இருக்கும் அந்த உறுப்பை அல்ல. ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள். உண்டதைச் செரித்து உடம்புக்குச் சத்தாக்கும் வேலை மொத்தத்துக்கும் அவர்கள் வைத்த பெயர் அது. நம் பாட்டிமார் 'அக்கினி மந்தம்' என்பார்களே, ஏறக்குறைய அதுதான். 13ஆம் நூற்றாண்டில் லி துங்யுவான் என்ற மருத்துவர் மண்ணீரலையும் இரைப்பையையும் பற்றி மட்டுமே தனியாக ஒரு நூல் எழுதினார். அந்த அளவுக்கு அவர்கள் வயிற்றை மதித்தவர்கள். ஓயாமல் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் மண்ணீரல் கெடும், அடக்கிவைத்த கோபமும் வருத்தமும் கல்லீரலில் தேங்கி அங்கிருந்து வயிற்றைத் தாக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஓ லெவல் வருடத்தில் இருக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்து ஒருவர் இதைச் சொன்னால், என்னால் மறுத்துப் பேச முடியாது.

வயிறு கல்லாகிறது என்று உங்கள் மகள் சொல்வதும் சாக்கு இல்லை. பட்டினியில் இரைப்பை மெதுவாகிவிடும். ஓர் இட்லி கூட நெடுநேரம் உள்ளேயே கிடக்கும். 'ஒல்லியாக ஆசை இல்லை' என்கிறாளே, அப்படியானால் இது அந்த நோய்தானா என்று உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993இல் எழுதிய கட்டுரையில், அவர் பார்த்த 70 சீன நோயாளிகளில் பாதிப்பேருக்கு மேல் குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வயிறு உப்புகிறது, பசி இல்லை என்றார்கள். நோய் என்னவோ அதே நோய். மேற்கத்தியப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு 'குண்டாகப் பயமா?' என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு நல்ல குட்டு. அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டு ஜப்பானில் ககாவா ஷூதோகு என்ற மருத்துவர் உண்ண மறுக்கும் இளம் பெண்களைப் பற்றி எழுதி, அதற்கு 'உண்ணா நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார். கிழக்கு ஆசிய மருத்துவத்துக்கு இது புதுச் சரக்கு அல்ல.

அப்படியிருக்க, நான் ஏன் வேண்டாம் என்கிறேன்? அவர் பார்த்தது உண்மைதான், ஆனால் அது பட்டினியின் விளைவு. கை கால் சில்லிட்டிருப்பது, மாதவிலக்கு நின்றது, முடி கொட்டுவது, நாக்கு ஓரத்தில் பல் தடம், தளர்ந்த நாடி என்று அவர் படித்த எல்லாக் குறிகளும் சாப்பாடு குறைந்ததால் வந்தவையாக இருக்கலாம். சாப்பாடு உள்ளே போனால் இவற்றில் பெரும்பாலானவை தாமாகத் திரும்பும். அந்த கேக்கும் இதில் அடக்கம். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், ஆரோக்கியமான 36 ஆண்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஏறக்குறைய ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பலர் சமையல் புத்தகம் சேர்த்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் வைத்துக் கொறித்தார்கள், பேச்செல்லாம் உணவாகவே ஆனது. மெலிய வேண்டும் என்ற ஆசை அவர்களில் யாருக்கும் இருந்ததில்லை. உங்கள் மகள் மற்றவர்களுக்கு ஊட்டுகிறாள் என்றால் பசி அவளுக்குள்ளே இருக்கிறது, கத்திக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது அந்தப் பொடிக்கு வருவோம். பொட்டலத்தில் இருப்பது 'ஷியாங் ஷா லியூ ஜுன் ட்சி தாங்'. பழைய கூட்டு மருந்து. ஜின்செங் வகை வேர், காய்ந்த ஆரஞ்சுத் தோல், நம் ஏலக்காய்க்கு உறவான ஒரு சரக்கு, அதிமதுரம் என்று போகிறது பட்டியல். இதன் நெருங்கிய உறவான 'ரிக்குன்ஷிதோ'வை ஜப்பானில் சாதாரண மருத்துவர்களே அஜீரணத்துக்கு எழுதிக்கொடுக்கிறார்கள், அரசுக் காப்புறுதியிலும் கிடைக்கிறது. கிரெலின் என்ற பசி ஹார்மோனை அது கூட்டுகிறது என்றும் ஆய்வுகள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அனொரெக்சியா நோயாளிகளின் இரத்தத்தில் கிரெலின் ஏற்கெனவே அதிகமாகத்தான் இருக்கும். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, கதவைத்தான் யாரும் திறக்கவில்லை. இன்னும் பலமாக மணி அடித்து என்ன பயன்?

என்னை உறுத்துவது அதிமதுரம். சாதாரண ஆளுக்கு அந்த அளவில் ஒன்றும் ஆகாது, கச்சேரிக்கு முன்னால் பாடகர்கள் வாயில் அடக்கிக்கொள்வதுதானே. ஆனால் அது சிறுநீரகத்தின் வழியாகப் பொட்டாசியத்தை வெளியேற்றும் குணம் உள்ளது. மகள் யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுத்தாலோ பேதி மருந்து எடுத்தாலோ, பொட்டாசியம் ஏற்கெனவே தரைதட்டியிருக்கலாம். அந்த நிலையில் இன்னும் கொஞ்சம் குறைந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பிவிடலாம். 'என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டாள்' என்பீர்கள். பெரும்பாலான அம்மாக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், பாதி அம்மாக்கள் சொல்வது சரியாகவும் இருக்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பொடியை நிறுத்திவையுங்கள்.

அப்படியே அவள் அலமாரியில் 'ஸ்லிம்மிங் டீ' ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தத் தேநீர்ப் பைகள் பலவற்றில் இருப்பது சென்னா இலை, அதாவது நம் நிலாவரை. உலகச் சந்தையில் அதற்குப் பெயரே 'டின்னெவெல்லி சென்னா', நம் திருநெல்வேலிதான். நெல்லைச் சீமையிலிருந்து கப்பலேறிப் போன பேதி மருந்து, அழகான பெட்டிக்குள் உட்கார்ந்து மெலிய வைப்பதாகப் பேர் வாங்குகிறது. அது குறைப்பது உடம்பில் உள்ள நீரையும் உப்பையும்தான். இணையத்தில் பேர் தெரியாத சீனப் பொட்டலம் வாங்குவதோ இதைவிட மோசம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் மெலிவதற்காக மூலிகை எடுத்துக்கொண்ட பெண்களில் ஏறக்குறைய நூறு பேருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு சீன வேருக்குப் பதிலாக, நம் ஆடுதீண்டாப்பாளை இனத்து வேர் ஒன்று மாறி வந்துவிட்டதுதான் காரணம். உங்கள் வைத்தியர் கொடுத்த பொட்டலத்தை நான் இந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. அவர் கொடுத்ததில் பெயராவது எழுதியிருக்கிறது.

மருந்தைவிட எனக்குப் பயம் தருவது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் அந்தத் தாள். படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். குளிர்ந்த பானம், பச்சைக் காய்கறி, வாழைப்பழம், தர்ப்பூசணி, பால், சீஸ், பொரித்தது, இனிப்பு, ஒட்டரிசி எல்லாம் கூடாது. மண்ணீரல் பலவீனம் என்று சொல்லும் எந்தச் சீன வைத்தியரும் கொடுக்கும் வழக்கமான பத்தியம்தான். 50 வயதில், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வயிறு உப்புகிறது என்று வருகிறவருக்கு இதனால் ஒரு கேடும் இல்லை.

உங்கள் வீட்டில் நடப்பது வேறு. இதுவரை மகள் ஓர் உணவை வேண்டாம் என்றால் நீங்கள் சண்டை போட முடிந்தது. இனி அவள் "வைத்தியர் சொல்லியிருக்காரும்மா" என்பாள், நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். இந்த நோய்க்குத் தடை என்றால் சர்க்கரைப் பொங்கல். ஏற்கெனவே மீன் போயிற்று, கறி போயிற்று, சோறு போயிற்று. இப்போது பாலும் பழமும் எண்ணெயும் வைத்தியர் கையெழுத்தோடு போகின்றன. சூடு, குளிர்ச்சி என்று பிரித்துச் சாப்பிடுவது நமக்கும் பழக்கம் என்பதால் இது யார் கண்ணையும் உறுத்தாது. மாமியார்கூட மெச்சிக்கொள்வார். அந்தத் தாளை அவளே ஒட்டினாள் என்று நீங்கள் எழுதிய வரியை நான் இரண்டு முறை படித்தேன். எத்தனையோ தாளைக் கொடுத்திருப்பார்கள் அவளிடம். பள்ளியிலோ மருத்துவமனையிலோ 'என்ன சாப்பிடலாம்' என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தால், அதை அவள் எங்கே ஒட்டினாள்?

இதில் எங்கள் பக்கத்துத் தவறும் இருக்கிறது. சீன வைத்தியத்துக்கு அவள் ஏன் சரி என்றாள்? அவர் எடை பார்க்கவில்லை, 'சாப்பிடு' என்று சொல்லவில்லை என்பது ஒரு காரணம். அது நோய் சொன்ன 'சரி'. இன்னொரு காரணமும் இருக்கலாம்: வயிறு வலிக்கிறது என்று அவள் சொன்னதை அவர் நம்பினார். நாடியைத் தொட்டுப் பார்த்தார், நாக்கைக் காட்டச் சொன்னார், தூக்கம் எப்படி என்று கேட்டிருப்பார். எங்கள் ஆட்கள் பல சமயம் பிள்ளையைத் தராசில் ஏற்றிவிட்டுத்தான் முகத்தையே பார்க்கிறோம். செவ்வாய்க்கிழமை நீங்கள் முதலில் பேச வேண்டியது அந்த வயிற்றைப் பற்றித்தான். "இரண்டு வாய்க்கு மேல் போனால் கல்லாகிறது என்கிறாள், அதற்கு என்ன செய்வீர்கள்?" என்று அவள் முன்னாலேயே கேளுங்கள்.

அக்குபங்சர் பற்றிக் கேட்டீர்கள். பதற்றத்தையும் குமட்டலையும் அது சிலருக்குக் குறைக்கிறது. மணிக்கட்டின் உட்பக்கம் குமட்டலுக்கான புள்ளியையும், முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடையில் இரைப்பைக்கான புள்ளியையும் அவர் தொட்டிருப்பார். ஆஸ்திரேலியாவில் மருத்துவமனையில் சேர்ந்திருந்த அனொரெக்சியா நோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் அமைதியாகப் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டதைத்தான் அந்த நோயாளிகள் பெரிதாகச் சொன்னார்கள். ஊசி மட்டுமே எடையை ஏற்றியது என்பதற்கு ஆதாரம் இல்லை.

இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், நான் சொல்வதைவிட இது அவருக்கு ஏறும். சீன மருத்துவத்தின் ஆதி நூல் 'ஹுவாங்டி நெய்ஜிங்', ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு பழையது. யாருக்கெல்லாம் ஊசி குத்தக்கூடாது என்று அதில் ஒரு பட்டியல் வருகிறது. குடித்திருப்பவனுக்குக் குத்தாதே, கடும் கோபத்தில் இருப்பவனுக்குக் குத்தாதே, கடும் பசியில் இருப்பவனுக்குக் குத்தாதே. பசித்தவர் ஊசியில் மயங்கி விழுவார் என்பது இன்றைக்கும் அவர்கள் மாணவர்களுக்குச் சொல்லும் பாடம். ஆக, அந்த மருத்துவத்தின் கணக்குப்படியே உங்கள் மகளுக்கு முதலில் சோறு, பிறகுதான் ஊசி.

சோற்றை எப்படிக் கொடுப்பது? இன்று ராத்திரியே ஆவேசமாகத் தட்டை நிரப்பி ஊட்டிவிடாதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தம் பார்த்து, எவ்வளவில் தொடங்குவது, எவ்வளவு வேகமாகக் கூட்டுவது என்று மருத்துவமனைதான் சொல்ல வேண்டும். அதன்பிறகு வேலை உங்களுடையது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது முதலில் பரிந்துரைக்கப்படுவது குடும்பத்தை வைத்துச் செய்யும் சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. 1987இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் நோய் தொடங்கி மூன்று வருடம் தாண்டாதவர்களுக்கு, நோயாளியைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவதைவிட இது நன்றாக வேலை செய்தது. உங்கள் மகள் அந்தக் கணக்குக்குள் வருகிறாள், அதனால்தான் மூன்று மாதத்தை வீணாக்காதீர்கள் என்கிறேன். இதில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றோர் முடிவு செய்வார்கள். மூன்று வேளை உணவு, இடையில் மூன்று சிற்றுணவு. பரிமாறுவது நீங்கள், பக்கத்தில் உட்காருவது நீங்களோ அவரோ. கலோரிப் பேச்சு, தராசுப் பேச்சு, 'ஆப்பிரிக்காவில் பிள்ளைகள் பட்டினி' பேச்சு எதுவும் வேண்டாம். "கஷ்டமாத்தான் இருக்கும், தெரியும். அடுத்த வாய் எடு, நான் இங்கேயேதான் இருக்கேன்." இதையே இருபது முறை சொல்ல வேண்டியிருக்கும். அவள் அழுவாள், உங்களை எதிரி என்பாள். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் அவளைத் தனியாக விடாமல் ஏதாவது தொடர் பாருங்கள். வயிறு கல்லாக இருக்கும் நேரம் அதுதான், வெந்நீர்ப் பை வைக்கலாம், மெதுவாகத் தடவிவிடலாம். வாரங்கள் போகப் போக இரைப்பை பழைய வேகத்துக்கு வரும்.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். மருத்துவமனைக் கோப்பு சம்பந்தி வீட்டுக்குப் போகாது. மாதவிலக்கு நின்றிருக்கும் ஒவ்வொரு மாதமும் எலும்பு வலுவிழக்கிறது, அதுவும் எலும்பு சேர வேண்டிய வயதில். அந்த இழப்பு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். 16 வயதுப் பிள்ளைக்கு வரப்போகும் மாப்பிள்ளையைப் பற்றி இப்போதே கவலைப்படுகிற அப்பா, செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வரட்டும். நீங்கள் தனியாகப் போகக்கூடாத இடம் அது.

சீன வைத்தியரை ஒரேயடியாக வெட்டிவிடச் சொல்லவில்லை. எடை ஏறி, இரத்தப் பரிசோதனை சரியாகி, மருத்துவமனையில் சரி என்றபின், சாப்பிட்டுவிட்டு, உப்புசத்துக்காகவோ தூக்கத்துக்காகவோ ஊசிக்குப் போகட்டும். பொடி எதுவானாலும் அங்கே காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இந்த வெள்ளிக்கிழமைக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியை விட்டு அவருக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். பிள்ளைக்கு மருத்துவமனையில் என்ன பெயர் சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால், யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. எடை 11 கிலோ குறைந்திருக்கிறது, மாதவிலக்கு நின்றிருக்கிறது என்று சொல்லி, "இவளுக்குப் பத்தியம் எதுவும் இல்லை, எல்லாம் சாப்பிடலாம்" என்று அவர் கைப்படவே எழுதித்தர முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். நல்ல வைத்தியர் என்றால் எழுதித்தருவார். மகள் அவரை நம்புகிறாள், அந்தச் சீட்டுக்கு நம் நூறு பேச்சுக்கு இல்லாத மதிப்பு இருக்கும்.

ஃபிரிட்ஜில் இருக்கும் தாளை அவள் தூங்கும்போது கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அவள் பார்க்கும்போதே எடுத்து, பொடிப் பொட்டலங்களோடு ஒரு உறையில் போட்டு, செவ்வாய்க்கிழமை டாக்டர் மேசையில் வையுங்கள்.